கைக்குழந்தையோடு ஊருக்கு வரலாமா சார்?

கொஞ்சம் நீளமான பதிவு. பேரன், பேத்தி வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள், அப்படி யாரையாவது தெரிந்தால் அனுப்பி வையுங்கள்.

சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு வருகிற போன்களில் பாதி இந்தக் கேள்விதான்.

"சார், ஆடிக்கு ஊருக்கு வரலாம்னு பாக்குறோம். அப்ப பாப்பாவுக்கு அஞ்சு மாசம் ஆகியிருக்கும். அம்மா தினமும் கேக்குறாங்க. இவ பயப்படுறா. நீங்க என்ன சார் சொல்றீங்க?"

கேட்பவர்கள் என்னிடம் எட்டாவதும் பத்தாவதும் படித்தவர்கள். பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள். தக்காளிக் காட்டில் கூடை தூக்கிக்கொண்டே படித்தவர்கள். பர்கூரிலோ கோவையிலோ சென்னையிலோ பொறியியல் முடித்து, இன்றைக்கு டல்லாஸில், சியாட்டிலில், லண்டனில், மெல்போர்னில் இருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. 33 வருடம் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்தியவன். ஆனாலும் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் வாத்தியாரைக் கேட்பது நம் பக்கத்து வழக்கம். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தையைக் கூட்டி வாருங்கள். ஆனால் அஞ்சு மாதத்தில் வேண்டாம். பன்னிரண்டு நாள் லீவில் வேண்டாம். ஐந்து கோயில் திட்டத்தோடு வேண்டவே வேண்டாம். ஒன்பது, பத்து மாதம் ஆகட்டும். நான்கு வாரமாவது இருக்கிற மாதிரி வாருங்கள். வந்தால் இடம் மாற்றி இடம் மாற்றி அலையாதீர்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று வரிசையாக எழுதுகிறேன்.

யாருக்காக இந்தப் பயணம்?

அஞ்சு மாதக் குழந்தைக்கு ஒகேனக்கல்லும் தெரியாது, ஆடிப்பெருக்கும் தெரியாது. அதற்கு அம்மாவின் மடி இருந்தால் டல்லாஸும் ஒன்றுதான், தர்மபுரியும் ஒன்றுதான். ஆக, பயணம் குழந்தைக்காக இல்லை. ஊரில் இருக்கிற ஆயாவுக்காக, தாத்தாவுக்காக. இதை ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொள்வது நல்லது.

பெரியவர்களுக்காக என்பதால் அது சின்ன விஷயம் ஆகிவிடாது. எழுபத்தைந்து வயது, சர்க்கரை, முட்டிவலி. பேத்தியைப் போனில்தான் பார்த்திருக்கிறார்கள். போன் திரையைத் தடவித் தடவிக் கொஞ்சுகிற ஆயாக்களை எனக்குத் தெரியும். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்களிடம் சொல்வது சுலபமில்லை. இன்னொன்றும் இருக்கிறது. பெண் சிசுக் கொலைக்காகப் பத்திரிகைகளில் அடிபட்ட பகுதி இது. 1992ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கி, பிறகு நம் மாவட்டத்துக்கும் வந்தது. அதே மண்ணில் இன்று ஒரு பாட்டி, பேத்தியைக் கையில் வாங்க வேண்டும் என்று நாள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அந்த ஆசையை நான் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் ஆசை பெரியவர்களுடையது, அலைச்சல் குழந்தையுடையது. அந்த அலைச்சல் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் நம் கடமை.

விமானத்தில் என்ன ஆகும்?

பலரும் பயப்படுவது விமானத்துக்குத்தான். 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் முதல் நேரடி விமானம் வந்தது. முழுக்கப் பெண் விமானிகளே ஓட்டி வந்தார்கள் என்று அன்று எல்லாப் பத்திரிகையிலும் செய்தி. நேரடி விமானத்துக்கே சுமார் பதினேழு மணி நேரம். வழியில் ஒரு ஊரில் மாறினால் இருபத்து நான்கு மணி நேரம் சர்வ சாதாரணம்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல் இருக்காது. ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பது மாதிரிதான் வைத்திருப்பார்கள். நம் ஊட்டி சுமார் 7,350 அடி. அதாவது தர்மபுரியில் இருக்கிற குழந்தையை ஊட்டிக்குத் தூக்கிப்போய்ப் பதினேழு மணி நேரம் வைத்திருப்பது போல. நல்ல ஆரோக்கியமாக, மாதம் நிறைந்து பிறந்த குழந்தை இதைத் தாங்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இருதயத்தில், நுரையீரலில் ஏதாவது பிரச்சினை இருக்கிற குழந்தை என்றால், வாத்தியாரைக் கேட்காதீர்கள். குழந்தையைப் பார்க்கிற டாக்டர் சரி என்று சொல்லாமல் டிக்கெட் போடக் கூடாது.

காது வலிக்கு வருவோம். மலையேறும்போது நமக்குக் காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். தொண்டைக்கும் நடுக்காதுக்கும் நடுவில் உள்ள குழாய் திறந்து அழுத்தம் சமமாவதுதான் காரணம். விழுங்கு என்றால் குழந்தைக்குப் புரியாது. அதனால் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுக்க வேண்டும். இறங்கும்போதுதான் வலி அதிகம். சக்கரம் தரையைத் தொடும்போது கொடுத்துப் பயனில்லை. அதற்கு அரை மணி நேரம் முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடும். சளி பிடித்திருந்தால் அந்தக் குழாயே அடைத்திருக்கும். அந்த நிலையில் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது.

விமானத்தில் தொட்டில் தருவார்கள். ஆனால் அது முன்வரிசையில் சில இருக்கைகளுக்கு மட்டும்தான். எடை வரம்பும் உண்டு. டிக்கெட் போட்ட அன்றே போன் செய்து கேட்டு வாங்க வேண்டும். விமானம் குலுங்கினால் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆக, தொட்டில் கிடைத்தாலும் அம்மாவுக்குத் தூக்கம் கிடைக்காது.

இங்கே அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. போகலாமா வேண்டாமா என்ற பேச்சில் குழந்தையின் அம்மாவுக்கு இரண்டு ஓட்டு இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பால் கொடுப்பது அவள். விமானத்தின் கழிவறையில் துணி மாற்றுவது அவள். ஊருக்கு வந்த பிறகு "கொழந்த ஏன் இளைச்சிருக்குது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதும் அவள்தான். நீங்கள் இரண்டு சினிமா பார்த்துவிட்டு இறங்குவீர்கள். அவள் பயப்படுகிறாள் என்றால், என்னிடம் போன் செய்து ஆள் சேர்க்காதீர்கள். எதற்குப் பயப்படுகிறாள் என்று அவளையே கேளுங்கள்.

டிக்கெட் மிச்சம் என்ற கணக்கு

"ரெண்டு வயசுக்குள்ள வந்துட்டா டிக்கெட் கம்மி சார்" என்று ஒரு வாதம். உண்மைதான். இரண்டு வயது நிறையாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் வெளிநாட்டு விமானங்களில் பொதுவாகப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு வாங்குகிறார்கள். இந்த மிச்சத்துக்காக ஒன்றேமுக்கால் வயதில் அவசரமாகக் கிளம்புகிறார்கள். அந்த வயதுதான் பயணத்துக்கு ரொம்பக் கஷ்டம். நடக்கத் தெரியும், ஓடத் தெரியும், உட்காரத் தெரியாது. மடியில் கட்டிப்போட்டுப் பதினேழு மணி நேரம் வைப்பது யாராலும் ஆகாது. நடுவில் இரண்டாவது பிறந்தநாள் வந்துவிட்டால், திரும்பும்போது தனி இருக்கை வாங்கித்தான் ஆக வேண்டும்.

மடியில் வைப்பது பாதுகாப்பா என்பதற்கு ஒரு பழைய சம்பவம் சொல்கிறேன். 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் சியூ சிட்டியில் ஒரு பெரிய விமானம் விழுந்தது. அதில் 296 பேர் இருந்தார்கள். 112 பேர் இறந்தார்கள். மடிக் குழந்தைகள் நான்கு. அன்றைய விதிப்படி குழந்தையைப் போர்வையில் சுற்றிக் காலடியில் தரையில் வைக்கச் சொன்னார்கள். அந்த நான்கில் ஒரு குழந்தை இறந்துபோனது. அந்த விமானத்தின் தலைமைப் பணிப்பெண் உயிர் தப்பினார். குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம் வேண்டும் என்று அதற்குப் பிறகு பல வருடம் போராடினார். அமெரிக்க அரசு இன்றுவரை கட்டாயமாக்கவில்லை. அவர்கள் சொல்லும் காரணம் யோசிக்க வைப்பது: தனி டிக்கெட் வாங்கச் சொன்னால் செலவுக்குப் பயந்து குடும்பங்கள் காரில் போகும், விமானத்தைவிடச் சாலையில் சாவு அதிகம்.

இந்தக் கடைசி வரியைத்தான் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டும்.

உண்மையான ஆபத்து தேவனஹள்ளியில் தொடங்குகிறது

பதினேழு மணி நேரம் வானத்தில் வந்ததற்குப் பயந்தவர்கள், அதற்குப் பிறகு வரும் நான்கு மணி நேரத்தைக் கண்டுகொள்வதே இல்லை. பெங்களூர் விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. அங்கிருந்து தர்மபுரிக்குச் சுமார் 170 கிலோமீட்டர். பெங்களூரைக் கடந்து, எலக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி, ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, காரிமங்கலம் வழியாக வர வேண்டும். வெளிநாட்டு விமானங்கள் பல நடுராத்திரியில் இறங்கும். கூப்பிடப் போகிற கார் டிரைவர் பகலெல்லாம் ஓட்டிவிட்டு வந்திருப்பார். முன் இருக்கையில் தாத்தா. பின்னால் ஆயா, மடியில் குழந்தை. பெல்ட் யாரும் போடவில்லை. ராத்திரி இரண்டு மணி, லாரிகளுக்கு நடுவில் நூறு கிலோமீட்டர் வேகம்.

பத்தாம் வகுப்பில் நிலைமம் நடத்தியது ஞாபகம் இருக்கிறதா? எட்டுக் கிலோ குழந்தை. கார் வெறும் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலாவது மோதிப் பத்தில் ஒரு நொடியில் நிற்கிறது. அந்தக் கணத்தில் குழந்தையைப் பிடித்து நிறுத்த நூற்றுப்பத்துக் கிலோவுக்கு மேல் எடை தூக்குகிற பலம் வேண்டும். ஒரு மூட்டை நெல்லையே தூக்க முடியாத ஆயா, தூக்கக் கலக்கத்தில் அதை எப்படிப் பிடிப்பார்? பாசத்தால் ஆகாது. இது இயற்பியல்.

2022ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசின் கணக்கு. 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 194பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தைக்கான இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் ஆயிரம் ரூபாய் அபராதம். சட்டம் இருக்கிறது. நம் ஊரில் எத்தனை காரில் குழந்தை இருக்கை பார்த்திருக்கிறீர்கள்?

அமெரிக்காவில் அந்த இருக்கை இல்லாமல் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போக மாட்டீர்கள். ஊருக்கு வரும்போது மட்டும் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது என்ன நியாயம்? பெரும்பாலான விமான நிறுவனங்கள் அதைக் கட்டணமில்லாமல் ஏற்றிக்கொள்கின்றன. எடுத்து வாருங்கள். காரில் பின் இருக்கையில், குழந்தையின் முகம் பின்பக்கம் பார்க்கிற மாதிரி கட்டுங்கள். ராத்திரியில் இறங்கினால் விமான நிலையம் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தூங்கிவிட்டு, விடிந்த பிறகு கிளம்புங்கள். "எதுக்குடா தண்டச் செலவு?" என்று அப்பா சொல்வார். சொல்லட்டும்.

வந்த பிறகு

பன்னிரண்டு நாள் லீவை எடுத்துக்கொள்ளுங்கள். போக வர மூன்று நாள் போனால் மீதி ஒன்பது. டல்லாஸுக்கும் நமக்கும் கோடையில் பத்தரை மணி நேர வித்தியாசம். குழந்தை பகலெல்லாம் தூங்கி ராத்திரியெல்லாம் கண் விழித்திருக்கும். பழக ஐந்தாறு நாளாவது ஆகும். மீதி மூன்று நாள். அந்த மூன்று நாளில் குலதெய்வம், தீர்த்தமலை, அதியமான்கோட்டை காலபைரவர், தொப்பூர் கணவாய் இறங்கிப் பழனி, நடுவில் அம்மா வீட்டுக்கு ஒரு ராத்திரி. பழகி முடிக்கும்போது திரும்ப விமானம். அங்கே போய் மறுபடியும் தலைகீழ்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இப்படித்தான் வந்தார்கள். காதுகுத்து, மொட்டை, விருந்து. அஞ்சு மாதக் குழந்தை. ஆறாவது நாள் வயிற்றுப்போக்கு. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் சலைன். குழந்தை பிழைத்து நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஆயா, "நாந்தான் வரச் சொன்னேன், நாந்தான் வரச் சொன்னேன்" என்று சொல்லிச் சொல்லியே மாய்ந்து போனார். பேத்தியைப் பார்த்த சந்தோஷம் அவருக்கு மிஞ்சவே இல்லை.

இன்னொரு குடும்பம். பத்து மாதக் குழந்தையோடு தை மாதம் வந்தார்கள். ஐந்து வாரம் இருந்தார்கள். எங்கேயும் போகவில்லை. தொண்ணூறைத் தொட்ட கொள்ளுத் தாத்தாவுக்கு வேலையே குழந்தைக்கு மாட்டைக் காட்டுவதுதான். குழந்தை முதலில் பேசிய சொல் "ம்மா" என்று மாடு கத்துகிற சத்தம் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவர் அடுத்த பங்குனியில் போய்ச் சேர்ந்தார். வரவே வேண்டாம் என்று நான் சொல்லாததற்கு இதுதான் காரணம்.

ஏன் ஒன்பது, பத்து மாதம்? முதல் காரணம் தட்டம்மை. இங்கே அதற்கான முதல் தடுப்பூசி ஒன்பது மாதம் முடிந்ததும் போடுகிறோம். அமெரிக்காவில் வழக்கமாக ஒரு வயதில்தான். ஆனால் வெளிநாடு போகிற ஆறிலிருந்து பதினோரு மாதக் குழந்தைக்கு முன்கூட்டியே ஒரு ஊசி போடும்படி அந்த நாட்டு நோய்த்தடுப்பு மையமே சொல்கிறது. ஆறு மாதத்துக்கு முன் அதற்கும் வழியில்லை. கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் இந்தியா போகிறோம் என்று சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது காரணம், ஒன்பது மாதத்தில் குழந்தை இட்லி, பருப்புச் சாதம் சாப்பிடும், முகம் பார்த்துச் சிரிக்கும், ஆயாவை அடையாளம் தெரிந்துகொள்ளும். பார்க்க வந்தவர்களுக்கும் அதுதான் நிறைவு. காலம் என்று பார்த்தால் மார்கழியும் தையும் சரி. பங்குனி, சித்திரை வெயில் வேண்டாம்.

தண்ணீர் விஷயம் நம் மாவட்டத்துக்கென்றே சொல்ல வேண்டியது. நம் போர்வெல் தண்ணீரில் பல ஊர்களில் ஃபுளோரைடு அதிகம். நம் வகுப்பறைகளில் எத்தனை பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை பார்த்திருக்கிறோம்! அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013ல் தண்ணீர் வரத் தொடங்கியது. பால் பவுடர் கலக்கப் போர்வெல் தண்ணீரைக் காய்ச்சி எடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். அதனால் ஒகேனக்கல் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்துக் கொடுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை என்றால் இந்தத் தலைவலியே இல்லை. ஆறு மாதம் வரை வேறு தண்ணீரே வேண்டாம்.

ஆயாமார்கள் கோபிக்கக் கூடாது. தேன் நாக்கில் தடவ வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதில் உள்ள ஒரு கிருமியால் நரம்புத் தளர்ச்சி வரும் ஆபத்து உண்டு. உரை மருந்தும் வேண்டாம். பார்க்க வருகிறவர்கள் கை கழுவிவிட்டுத் தூக்கட்டும். இருமல், சளி உள்ளவர்கள் வாசலிலிருந்தே பார்க்கட்டும். இதைச் சொல்ல மருமகளை விடாதீர்கள். மகன் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தாத்தா சொல்ல வேண்டும். மருமகள் சொன்னால் "அமெரிக்கா போனதும் திமிரு" என்று ஆகிவிடும்.

"அந்தக் காலத்துல போகலியா?"

பெரியவர்கள் கேட்கிற கேள்வி. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து கைக்குழந்தையோடு போகவில்லையா என்று கேட்பார்கள். போனார்கள். 1860ல் மெட்ராஸிலிருந்து டர்பனுக்கு ட்ரூரோ என்ற கப்பலில் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களோடும் குழந்தைகள் இருந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் கடல். ஆனால் அவர்கள் ஊர் சுற்றப் போகவில்லை. பிழைக்கப் போனார்கள். 1951ல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 146 முதல் வயதைத் தாண்டவில்லை. 2020ல் அது 28, தமிழ்நாட்டில் 13. கப்பலில் போய்ச் சேர்ந்த குழந்தைகள் வளர்ந்து கதை சொன்னார்கள். சேராத குழந்தைகளின் கதையைச் சொல்ல யாரும் இல்லை. அதனால்தான் அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக நடந்தது போல நமக்குத் தெரிகிறது.

நம் மாவட்டத்தில் குழந்தைக்கு நெடும்பயணம் என்றாலே ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் என்றிருந்த காலம் ரொம்பப் பழசில்லை. 1993ல் ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதி சிட்லிங்கியில் கூரைக் குடிசையில் மருத்துவமனை தொடங்கும் வரை, அந்தப் பள்ளத்தாக்கின் மலைவாழ் மக்கள் காய்ச்சல் கண்ட குழந்தையோடு எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்று அங்கே வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இன்றைக்கும் ஒரு நெடும்பயணம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ராத்திரி நேரம் பென்னாகரம், அரூர் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போகிற குடும்பங்கள். இடுப்பில் ஆறு மாதக் குழந்தை, தலையில் பாத்திர மூட்டை. அந்தக் குழந்தை பயணம் செய்யலாமா என்று எந்த டாக்டரிடமும் யாரும் கேட்பதில்லை. எந்த வாத்தியாருக்கும் போன் வருவதில்லை. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் கட்டட இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்று 1996லேயே சட்டம் வந்தது. சேலையில் கட்டிய தூளியில் சிமெண்ட் தூசிக்கு நடுவில் தூங்குகிற குழந்தைகளைத்தான் நாம் பார்க்கிறோம். அவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். தடுப்பூசி அட்டையை மூட்டையில் அடியில் போடாதீர்கள், கையில் வையுங்கள். அது இருந்தால் எந்த ஊர் அரசு சுகாதார நிலையத்திலும் விட்ட ஊசியைப் போட்டுக்கொள்ளலாம்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன்? போகலாமா வேண்டாமா என்று உட்கார்ந்து யோசிக்க முடிவதே ஒரு கொடுப்பினை. உங்கள் அப்பாவும் அம்மாவும் வெயிலில் காய்ந்து படிக்க வைத்ததால் கிடைத்தது. கிடைத்ததை ஒழுங்காகப் பயன்படுத்துங்கள். அவசரமாக முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

சுருக்கமாக

1. மூன்று மாதத்துக்குள் வேண்டாம். மூன்றிலிருந்து ஆறு என்றால், வீட்டில் ஒரு பெரியவர் கடைசிக் கட்டத்தில் இருக்கிறார் என்பது போன்ற காரணம் வேண்டும். காதுகுத்து காத்திருக்கும். சாமியும் காத்திருக்கும்.

2. லீவு குறைவு என்றால் பெரியவர்கள் அங்கே போகட்டும். "மாட்டை யாரு பாத்துக்குவா, தண்ணி யாரு கட்டுவா?" என்பார்கள். ஒரு ஆளுக்குக் கூலி கொடுத்து அனுப்பி வையுங்கள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டால் தருவார்கள். இங்கிலீஷ் தெரியாமலே போய் வந்த ஆயாக்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள்.

3. துபாய், சிங்கப்பூர், மலேசியா என்றால் நான்கு, ஐந்து மணி நேரம்தான். இவ்வளவு யோசிக்க வேண்டாம். தடுப்பூசியும் சாலைப் பயணமும் மட்டும் எல்லோருக்கும் ஒன்றே.

4. காகிதங்களை முன்பே பாருங்கள். அமெரிக்காவில் பிறந்த குழந்தைக்கு அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும், இங்கே வர விசா அல்லது ஓசிஐ அட்டையும் வேண்டும். வளைகுடாவில் பிறந்த குழந்தையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும்.

5. அம்மா வீடு, மாமியார் வீடு என்று இரண்டு நாளுக்கு ஒருமுறை மாறாதீர்கள். முதல் இரண்டு வாரம் ஒரு வீடு, அடுத்த இரண்டு வாரம் இன்னொரு வீடு. எது முதலில் என்று விமானம் ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். இறங்கிய பிறகு பேசினால் சண்டைதான்.

கடைசியாக, ஊரில் இருக்கிற என் வயதுக்காரர்களுக்கு ஒன்று. "எப்பப்பா வர்றீங்க?" என்று தினமும் கேட்காதீர்கள். நாம் கேட்கக் கேட்க, பாதி லீவில், பாதித் தூக்கத்தில், காய்ச்சல் குழந்தையோடு கிளம்பி வந்துவிடுவார்கள். வீடு இங்கேதான் இருக்கிறது, உங்களுக்கு எப்போது வசதியோ அப்போது வாருங்கள் என்று ஒருமுறை மருமகளிடமே நேரடியாகச் சொல்லிவிடுங்கள். அதற்குள் காருக்கு ஒரு குழந்தை இருக்கை கிடைக்குமா என்று ஓசூரிலோ சேலத்திலோ விசாரித்து வையுங்கள்.

குழந்தையோடு வந்து போனவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். அடுத்து எனக்குப் போன் செய்கிற பிள்ளைக்குக் காட்டுகிறேன்.